விலைச்சீட்டுக்கு அடியில்

— ஒத்த வார்த்தையில சொல்லுங்க அக்கா. இது மாடா, மீனா?

— சத்தத்தக் கொறை தாயி. மொதல்ல உள்ள வா. வெயில்ல நின்னு இப்படி மூச்சு வாங்குத. அந்த ஸ்டூல்ல உக்காரு.

— உக்கார வரல. இந்தப் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.

— குடு, பாப்போம். கண்ணாடிய எங்கன வச்சேன்... ஆமா, நீ கருங்குளத்து டீ மாஸ்டர் பெருமாள்ராஜு வீட்டுக்காரிதான? ஆறுமுகத்தாயி?

— ஆமா. ஆவணி மாசம் ஆஸ்பத்திரிச் சீட்டோட வந்தேம்லா.

— வந்த, வந்த. ஒம் மாப்பிள்ளைக்குக் காலு மரத்துப் போவுதுன்னு டாக்டரு எழுதியிருந்தாரு. அதுக்கு நான் ஸ்ட்ரிப்புல மாத்திரை குடுத்தேன். இது வேறல்லா? இது எங்கன வாங்குனது?

— திட்டதப் பெறவு திட்டுங்க. இந்தக் குறி என்னன்னு மட்டும் சொல்லுங்க. இந்தா, இங்கன பாருங்க. செங்கல் கலர்ல, முக்கோணமா.

— இத இவ்வளவு நாளும் நீ பாக்கலியா?

— எங்கன பாக்க? இதுக்கு மேலதான வெலைச் சீட்ட ஒட்டியிருந்தான்! இன்னைக்குக் காலையில பாட்டிலு கைதவறித் தண்ணிக் கொடத்துல விழுந்துட்டு. எடுத்துத் தொடைக்கேன், சீட்டு கையோட வருது. அடியில இது இருக்கு. முப்பத்தெட்டு நாளா பச்சைப் புள்ளி இருக்கான்னு பாக்காம ஒரு பிஸ்கட் பாக்கெட்டக்கூட வீட்டுக்குள்ள கொண்டு வரல அக்கா. இது பச்சை இல்லையே!

— பச்சை இல்லதான்.

— பக்கத்து வீட்டு முத்துராணி எழுத்துக்கூட்டிப் படிச்சா. மொதல்ல மாடுங்கா, பெறவு மீனுங்கா. மேலப்பாளையத்துல ஹமீது பீவி மருந்துக்கடைக்குப் போ, அவுகதான் மாத்திரைக்கு மேல இருக்க தோலு எதுல செஞ்சதுன்னுகூட எழுதி வச்சிருக்காவன்னு சொல்லி அனுப்புனா. அவசரமா ஆட்டோ பிடிச்சு வாரேன்.

— சபூர் தாயி, பொறுமையா இரி. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. படிக்கணும்லா.

— பொறுமையா இருக்க நேரம் இல்ல. அவுக மாலை போட்டிருக்காவ.

— ஆரு, பெருமாள்ராஜுவா?

— ஆமா, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு. நாப்பத்தெட்டு நாளு விரதம். இன்னைக்கு முப்பத்தெட்டாவது நாளு. நாளைக்குக் கோயில்ல கொடியேத்தம். விடியக்காலம் வேன் வருது, எங்க ஊர்க் குழு பூராவும் கெளம்புது. கோயில்ல வச்சுக் கையில காப்புக் கட்டிட்டாவன்னா, பத்து நாளைக்கு அவுக மனுசரு இல்ல, காளி. அந்தக் காப்ப அசுத்தமான ஒடம்போட கட்டலாமா? நீங்களே சொல்லுங்க.

— இத அவரு தெனமும் திங்காரா?

— ஒரு நாளு தப்பல. காலையில குளிச்சு, கும்பிட்டு, திருநீறு பூசுவாவ. அதுக்குப் பெறவு நானே ஒண்ண எடுத்து அவுக கையில வைப்பேன். எங்கையால அக்கா. முப்பத்தெட்டு உருண்டை.

— யா அல்லாஹ்.

— அப்படிச் சொல்லாதிய! என்னன்னு நேராச் சொல்லுங்க.

— மறைக்க எனக்குத் தெரியாது தாயி. இந்தா, இங்கன ஜெலட்டின்னு போட்டிருக்கு. உருண்டைக்கு மேல மினுமினுன்னு ஒரு தோலு இருக்குல்லா, அது. மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கது. உள்ள இருக்கது மீனெண்ணெய்.

— ரெண்டுமா?

— ரெண்டும்தான்.

— எங்கையாலயே ரெண்டையும் குடுத்திருக்கேன்.

— ஏளா, அழாத. இந்தா, தண்ணி குடி.

— தண்ணி வேண்டாம். என்னைய நானே செருப்பால அடிச்சுக்கிடணும்.

— அடிச்சுக்கிட்டு என்ன ஆவப்போவுது. எங்கன வாங்குனன்னு கேட்டேன்.

— ஜங்ஷன்ல. சத்து மாத்திரை மட்டுமே விக்க கடை. ஏசி, கண்ணாடி அலமாரி, டை கட்டுன ஆளு. ஆயிரத்து முந்நூத்தம்பது ரூவா.

— ஆயிரத்து முந்நூத்தம்பதா! நான் குடுத்த ஸ்ட்ரிப்பு நாப்பத்தஞ்சு ரூவாதான?

— அதனாலதான் அக்கா!

— எதனால?

— கோவிச்சுக்கிடாதிய. நாப்பத்தஞ்சு ரூவா மாத்திரையில என்ன சத்து இருந்துரும்? மத்த நாளுன்னா சரின்னு விட்டிருப்பேன். இது விரதம் இருக்க ஒடம்பு. ஒரு நேரம்தான் சாப்பாடு, அதுவும் பச்சரிசிச் சோறு. காளி வேசம் கட்டுனா கிரீடம், சடை, மரத்துல செஞ்ச கையின்னு ஒடம்பு பூரா பாரம். அதச் சொமந்துக்கிட்டு விடிய விடிய ஆடணும். முத்தாரம்மனுக்குப் போடுத மாலையவே வாடாததாப் பாத்து, வெல கூடுனாலும் பரவால்லன்னு வாங்குதோம். அவ வந்து எறங்குத ஒடம்புக்கு மட்டும் சல்லிசாப் பாத்து வாங்கவா? நீங்களே சொல்லுங்க.

— நான் சொன்னா நீ கேட்டியா? அன்னைக்கே சொன்னேம்லா, மருந்து இதுதான், வெலையப் பாத்து மலைக்காதேன்னு.

— சொன்னிய. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, மனசுல விழல. அந்தக் கடைக்காரன் சொன்னதுதான் விழுந்துச்சு. வெளிநாட்டுச் சரக்கும்மா, இம்புட்டு வெல குடுத்தா கலப்படமே இருக்காதும்மான்னான். பெறவு நான் யோசிக்கல. ஒன்றரை மாசம் பீடி சுத்துன துட்ட அப்படியே எடுத்து நீட்டிட்டேன்.

— அவங்கிட்ட மாலை போட்டிருக்காவன்னு சொன்னியா?

— சொல்லல.

— அதத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். என் கடைக்கு வாரவங்க சீட்டக் குடுக்கதுக்கு முந்தியே கேப்பாவ, மேல்தோலு எதுல செஞ்சதுன்னு. சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் விக்கத்தான நிக்கான்.

— இம்புட்டு வெல குடுத்து வாங்குத பண்டத்துக்குள்ள மாடு இருக்கும்னு ஆரு அக்கா நெனப்பா? மட்டமான சரக்குலதான கண்டதையும் கலப்பான்?

— இன்னொண்ணும் இதுல பாத்துட்டேன். அதையும் சொல்லிருதேன், கேட்டுக்கோ.

— இன்னும் என்ன இருக்கு?

— டாக்டரு எழுதுனது பி பன்னெண்டு. மரத்துப் போன நரம்புக்கு உள்ள சத்து. நான் குடுத்த நாப்பத்தஞ்சு ரூவா ஸ்ட்ரிப்புல, ஒத்த மாத்திரையில அது ஆயிரத்து ஐந்நூறு பங்கு இருக்கு. ஒன் பாட்டில்ல எம்புட்டுன்னு போட்டிருக்கான் தெரியுமா? ஒண்ணு.

— ஒண்ணுன்னா?

— ஒண்ணுதான். ஒத்த பங்கு. இருவத்தி மூணு சத்து பேரு வரிசையா எழுதியிருக்கான், பந்தியில ஊறுகா வச்சது மாதிரி எல்லாத்துலயும் ஒரு கிள்ளு. சும்மா இருக்க மனுசனுக்கு அது போதும். ஒம் மாப்பிள்ளை நரம்புக்கு எந்த மூலைக்கு?

— அப்ப இந்த முப்பத்தெட்டு நாளும்?

— நரம்புக்கு ஒண்ணும் போவல. நான் குடுத்த ஸ்ட்ரிப்பு எங்க?

— அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. பிரிக்கவே இல்ல.

— நல்லா இருக்கு போ.

— திட்டுங்க அக்கா. நல்லாத் திட்டுங்க. ஆனா ஒரு வழி சொல்லிட்டுத் திட்டுங்க. இது மூணாவது வருசம், கடைசி வருசம்.

— எதுக்கு மூணு வருசம்?

— பிருந்தாவுக்கு நேந்தது. எம் மவ. இப்ப காலேஜுக்குப் போறா, பாத்திருப்பிய. ரெண்டு வருசத்துக்கு முந்தி காய்ச்சல்ல படுத்தவ ஒம்பது நாளா கண்ணு முழிக்கல. எங்களால ஆனதச் செஞ்சுட்டோம், இனி ஒங்க சாமி விட்ட வழின்னு டாக்டருமாரு சொல்லிட்டாவ. அவுக ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு நேந்துக்கிட்டாவ. ‘முத்தாரம்மா, எம் புள்ள எந்திரிச்சா, மூணு வருசம் காளி கட்டி ஒன் வாசல்ல தீச்சட்டி ஏந்துதேன்’னு. மறுநாளு புள்ள வாயத் தொறந்து ‘தண்ணி’ன்னா.

— அல்ஹம்துலில்லாஹ்.

— அந்த வருசம் சட்டி எடுத்தாவ பாருங்க. மண்சட்டி. அடியில நாலு வேப்பிலை, அம்புட்டுத்தான். உள்ள கங்கு தகதகன்னு கெடக்கு. மத்தவுகல்லாம் கைய மாத்தி மாத்திப் பிடிக்காவ, பல்லக் கடிக்காவ. இவுக ஒரே பிடி. மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல. சுடலியான்னு கேட்டா, ‘ஒண்ணுமே தெரியல ஏட்டி’ன்னாவ. மறுநாளு பாத்தா உள்ளங்கையில ரெண்டு கொப்புளம். அதுவும் வலிக்கலன்னாவ. பாத்தவுக எத்தன பேரு அவுக கால்ல விழுந்தாவ தெரியுமா? போன வருசமும் அப்படித்தான். அம்மா அவுக கையில இருக்கா அக்கா. கண்ணால பாத்தவ சொல்லுதேன்.

— கொப்புளம் வந்துச்சு, ஆனா வலிக்கல.

— ஆமா.

— ஆற எத்தன நாளாச்சு?

— கார்த்திக வரைக்கும் இருந்துச்சு. ஏன் கேக்கிய?

— கையும் மரத்திருக்கா? காலு மாதிரி?

— காலு மரத்தது சீக்கு. கையில இருக்கது அம்மா. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதிய.

— டீக்கடையில பால் சட்டிய எத வச்சு எறக்குதாரு? துணி பிடிப்பாருல்லா?

— துணி எதுக்கு? வெறுங்கையாலதான். டீ குடிக்க வாரவன் எல்லாம் அதிசயமாப் பாப்பான். அன்னைக்குச் சட்டி ஏந்துன கையி, சுடாதுன்னு ஊருக்கே தெரியும்.

— சுகரு எத்தன வருசமா இருக்கு?

— எட்டு வருசம். தெனமும் மாத்திரை போடுதாவ. என்ன அக்கா, ஒங்க மொகம் ஒரு மாதிரி போவுது?

— ஒண்ணுமில்ல தாயி. அந்தச் சுகரு மாத்திரை நாள்பட்டா சில பேருக்கு இந்தச் சத்தக் கொறைச்சிரும். அதுக்குத்தான் டாக்டரு எழுதியிருக்காரு. ஒம் மாப்பிள்ளைய ஒரு தடவ இங்கன கூட்டிட்டு வா. நான் அவருகிட்ட பேசுதேன்.

— இப்ப வேண்டாம். கொடி எறங்குன பெறவு கூட்டிட்டு வாரேன். இப்ப எனக்கு வேண்டியது வேற. இதே மாதிரி மஞ்ச உருண்டை, பச்சைப் புள்ளி போட்டது இருக்கா?

— இருக்கு. தோலு செடியில இருந்து எடுத்தது. ஆயிரத்து எண்ணூறு ரூவா. ஆனா சத்து அதுலயும் கிள்ளுதான். தோலுக்காவ நீ துட்டு குடுக்கணும்.

— இருக்கட்டும். காதுல கெடக்கதக் கழட்டித் தாரேன். அத இந்தப் பாட்டில்ல கொட்டிக் குடுங்க. இந்தச் சனியன நீங்களே எங்கயாவது எறிஞ்சிருங்க. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்.

— தின்னது?

— தின்னது எம் பாவம். எங்கையாலதான குடுத்தேன், நான் சொமக்கேன். திருச்செந்தூர்க் கடல்ல முழுகி மொட்ட போடுதேன். அவுகளுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்த நிமிசமே மாலையக் கழட்டிருவாவ. மாலை இல்லன்னா காப்பு இல்ல, சட்டி இல்ல. மூணு வருசம்னு நேந்துட்டு ரெண்டுல நிறுத்துனா, அம்மா புள்ளையத் திருப்பிக் கேட்டா நான் என்ன செய்வேன்? நீங்களே சொல்லுங்க.

— ஒந் தோட்டக் கழட்டாத. நான் அந்தச் சோலி செய்ய மாட்டேன்.

— ஏன்? ஒங்க சாமி இல்லன்னுதான?

— ஆறுமுகத்தாயி.

— அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் தவறிட்டு அக்கா. மன்னிச்சிருங்க.

— இருக்கட்டும். வயித்துல நெருப்பு கெடக்கு, வாயில வந்துட்டு. இந்த நோட்டப் பாரு.

— இதுதான் முத்துராணி சொன்ன நோட்டா?

— நானூறு மருந்துக்கு மேல எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் எழுதிக் கேட்டு, இதுக்கு மேல்தோலு என்ன, எந்த உசுருல எடுத்ததுன்னு, பதிலு வந்த தேதியோட. மருந்துக்கடை வச்சிருக்கவ எதுக்கு இந்தப் பாடு படுதான்னு நெனச்சியா?

— எதுக்கு?

— என் மாமனாருக்காவ. அஞ்சு வேளைத் தொழுகை தப்பாத மனுசரு. ஒரு ரம்சான் மாசம் நெஞ்சுச் சளி. நான்தான் கேப்ஸூல் குடுத்தேன். தெனமும் நோன்பு தொறந்த ஒடனே, எங்கையால. அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான், வெல கூடுனதுதான். பெருநாளு முடிஞ்ச பெறவுதான் தெரிஞ்சுது, அந்தத் தோலு பன்னியில எடுத்ததுன்னு.

— அய்யோ. அவுககிட்டச் சொன்னியளா?

— சொல்லல. தெரியாமத் தின்னா குத்தம் இல்லன்னு எங்க மார்க்கத்துலயே இருக்கு. அதனால சொல்லண்டாம்னு எனக்கு நானே நியாயம் பேசிக்கிட்டேன். மவுத்தாவுததுக்கு, கண்ண மூடுததுக்கு ரெண்டு நாளு முந்தி எங்கையப் பிடிச்சுக்கிட்டு, ‘நீ குடுத்தது எதையும் நான் இதென்னன்னு கேட்டதில்ல மவளே’ன்னாரு. பாராட்டித்தான் சொன்னாரு. பதினோரு வருசமாச்சு தாயி. இன்னும் அந்தக் கையி என்னைய விடல.

— தெரியாமத் தின்னா குத்தம் இல்லன்னா, அவுகளுக்கும் குத்தம் இல்லல்லா?

— அவருக்கு இல்ல. அவரு நிய்யத்து சுத்தம், மனசுல நெனச்சது சுத்தம். ஆனா தெரிஞ்சுக்கிட்டு மறைக்கதுக்கு நமக்கு என்ன நியாயம் இருக்கு? நீ சொல்லு.

— நாளைக்கு விடியக்காலம் வேன் வந்துரும்...

— வீட்டுக்குப் போ. பைய உக்கார வச்சு, நடந்ததச் சொல்லு. நம்பி வாங்குனேன், ஏமாந்துட்டேன்னு சொல்லு. கோயில்ல பெரியவுக இருப்பாவ, அதுக்கு ஒரு பரிகாரம் சொல்ல மாட்டாவளா?

— நீங்க அவுகளப் பாத்ததில்ல. சொன்ன சொல்லுல நிக்க ஆளு. பரிகாரம் கிரிகாரம் எதுவும்... அக்கா! அந்தா!

— என்ன?

— செவப்பு வேட்டி. ஸ்கூட்டிய நிறுத்துதாவ. அவுகதான்! பாட்டில எடுங்க, கல்லாப் பெட்டிக்குள்ள போடுங்க!

— எங்கையிலயே இருக்கட்டும்.

— ஒங்களக் கும்புடுதேன். எம் புள்ள உசுரு அக்கா...

— ஏட்டி, ஆறுமுகம்.

— வாங்க. என்ன, இம்புட்டுத் தூரம் வெறுங்காலோட? நான் சும்மா, பிருந்தாவுக்குத் தலைவலித் தைலம் வாங்கலாம்னு வந்தேன்.

— பிருந்தாதான் சொன்னா, அம்மா சத்து மாத்திரை பாட்டில எடுத்துக்கிட்டு அழுதுகிட்டே ஆட்டோ ஏறிட்டான்னு. முத்துராணி இந்தக் கடையச் சொன்னா. எங்க பாட்டிலு?

— இங்கன இருக்கு தம்பி. வாங்க, நிழலுக்கு வாங்க.

— கும்புடுதேன் பீவிம்மா.

— கும்பிட்ட கைய அப்படியே வைங்க. அது என்ன, வலக்கையில?

— எது?

— சுண்டுவெரலுக்குக் கீழ. தோலு வழண்டு செக்கச்செவேல்னு கெடக்கு. இன்னைக்குப் பட்ட சூடு தம்பி இது.

— அப்படியா? நான் பாக்கல.

— பால் சட்டியா?

— இருக்கும்.

— அது ஒண்ணுமில்ல அக்கா, அவுகளுக்கு அதெல்லாம் தெரியாது. கையில அம்மா...

— நீ சும்மா இரி ஆறுமுகம்.

— ஏன் இப்படி எரிஞ்சு விழுதிய? இல்லாததையா சொல்லுதேன்?

— சும்மா இரின்னா இரி. பீவிம்மா, அந்தப் பாட்டிலப் பத்தி இவ ஒங்ககிட்ட என்ன சொன்னா?

— அத அவ வாயாலயே கேளுங்க. ஆறுமுகத்தாயி, சொல்லு. பயப்படாத.

— அவ சொல்ல வேண்டாம். நானே சொல்லிருதேன். ஏட்டி, நீ கண்டுபிடிச்சிட்டன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அழுதிருக்க.

— நானா? நான் ஒங்ககிட்ட என்னத்தக் கண்டுபிடிச்சேன்?

— பெறவு எதுக்கு அழுத?

— அது மாடுங்க!

— என்னது?

— அந்த உருண்டை. மேல இருக்க தோலு மாடு, உள்ள மீனெண்ணெய். குறிய மறைச்சு வெலைச் சீட்ட ஒட்டியிருந்தான், நான் பாக்கல. வெல கூடுனது, நல்லதா இருக்கும்னு நெனச்சு எங்கையாலயே ஒங்களுக்கு முப்பத்தெட்டு நாளும்... அடிங்க, நாலு பேரு பாக்க அடிங்க. அய்யோ, கைய மேல கொண்டு போவாதிய! மாலையில கைய வைக்காதிய! கழட்டிராதிய, எம் புள்ள...

— மாலையக் கழட்டல. சட்டைப் பையில இருந்து ஒண்ணு எடுக்கேன். இந்தா.

— என்ன இது? டீத்தூள் பாக்கெட்டு?

— பிரி.

— உள்ள... மஞ்ச உருண்டை. இது ஏது? அக்கா, நீங்க எண்ணிப் பாருங்க.

— அதே உருண்டைதான் தாயி. பத்து... இருவது... முப்பது... முப்பத்தெட்டு.

— நான் குடுத்ததா?

— நீ குடுத்ததுதான். என் கையில வச்சுட்டுத் தண்ணிச் செம்பெடுக்கத் திரும்புவல்லா, அந்த நேரம் மடியில போட்டுக்கிடுவேன். பெறவு வண்டி சீட்டுக்கடியில. நீ சீட்டத் தொறந்து பாத்துட்டன்னு நெனச்சுத்தான் ஓடி வந்தேன்.

— ஒண்ணுகூடவா திங்கல?

— ஒண்ணுகூட.

— தாயே! முத்தாரம்மா! பாத்தியளா அக்கா, பாத்தியளா! மனுசி கண்ணு தப்பிட்டு, அவ கண்ணு தப்பல! வாயி வரைக்கும் போவ விடாமத் தடுத்திருக்கா! சுத்தமா இருக்காவ அக்கா, எங்க வீட்டுக்காரவுக சுத்தமா இருக்காவ! ஏங்க, நாளைக்குக் காப்புக் கட்டலாம்லா? ஒரு தடையும் இல்லல்லா? நான் அங்கேயே அம்மா வாசல்ல உருளுதேன்...

— எனக்கும் சந்தோசம்தான் தாயி. இரி, ஒரு நிமிசம். தம்பி, இதுல மாடு இருக்குன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?

— தெரியாது. இப்ப இவ சொல்லித்தான் தெரியும்.

— பெறவு ஏன் திங்கல?

— இருக்கட்டும் பீவிம்மா.

— இருக்கட்டும்னு விட முடியாது. காலு மரத்துக் கெடக்கு. கையில தோலு வழண்டது தெரியாம நிக்கிய. நாளன்னைக்குக் கங்குச் சட்டியத் தூக்கப் போறிய. மருந்துன்னு நெனச்சுத்தான அவ குடுத்தா? ஏன் திங்கல?

— ஆயிரத்து முந்நூத்தம்பது ரூவா, ஒசத்தியான சரக்குன்னு இவ சொன்னா.

— அதுக்கு?

— வெல கூடுனதுன்னா தரமா இருக்கும்லா. சீக்கிரம் வேல செஞ்சிரும்.

— என்ன பேசுதிய நீங்க? வேல செய்யணும்னுதான வயித்தக் கட்டி வாங்குனேன்!

— அன்னைக்கு ஒன்ன வெளிய இருக்கச் சொல்லிட்டு டாக்டரு எங்கிட்டத் தனியாப் பேசுனாருல்லா. கால்ல மட்டும் இல்ல ஆறுமுகம், உள்ளங்கையிலயும் ஊசி வச்சுக் குத்துனாரு. ஒண்ணும் தெரியல. எத்தன நாளா இப்படின்னு கேட்டாரு. ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்னேன். இந்தச் சத்து ஒடம்புல ஏறுனா நரம்பு பைய முழிக்கும், சூடு, குளிரு எல்லாம் பழையபடி தெரிய ஆரம்பிச்சிரும்னாரு.

— தெரியட்டுமே! நல்லதுதான?

— தம்பி, இந்தாங்க. இது நாப்பத்தஞ்சு ரூவா மாத்திரை. தோலும் கெடையாது, மாடும் கெடையாது, என் நோட்டுல இருக்கு. துட்டு வேண்டாம். ஒண்ண இப்பவே எங்கண்ணு முன்னால போட்டுட்டுப் போங்க.

— வேண்டாம் பீவிம்மா.

— ஏன் வேண்டாங்கிய? அதுதான் சுத்தமானதுன்னு அக்கா சொல்லுதாவல்லா? சூடு தெரிஞ்சா ஒங்களுக்கு என்ன?

— சூடு தெரிஞ்சுட்டுன்னா, ரெண்டு வருசமா எங்கையில இருந்தது அம்மா இல்ல, வெறும் சீக்குன்னு ஆயிரும் ஆறுமுகம். பெறவு, நம்ம புள்ளைய எழுப்புனது ஆரு?